ஈரம் பார்க்கும் அலை

பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் என் பெரியப்பா முப்பத்தொரு வருடம் தோல் தரம் பிரித்தார். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் நீளமான மேஜை. ஒரு பக்கம் தோல்கள் அடுக்கி வரும், மறுபக்கம் மூன்று நான்கு குவியல்களாகப் பிரிந்து போகும். ஒரு தோலுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் பத்து விநாடி இருக்கலாம். மேல்பக்கத்தை உள்நோக்கி மடித்து, மடிப்பில் விழும் சுருக்கத்தைப் பார்ப்பார். பொடிச் சுருக்கம் என்றால் நல்ல தோல். தடித்த, தொளதொள என்ற சுருக்கம் என்றால் மேல்தளம் அடித்தளத்தை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பள்ளிக்கூட விடுமுறையில் நான் போய் நின்றபோது, இருப்பதிலேயே தடிமனான ஒரு தோலை எடுத்து “இதுதானே பெஸ்ட்?” என்று கேட்டேன். “இன்னாடா, தடிமன பாத்து ஏமாறியே. உள்ள பாரு, ஒண்ணும் பிடிப்பில்ல” என்று தூக்கிக் கடைசிக் குவியலில் போட்டார்.

அந்தப் பெரியப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதில் நெஞ்சுவலி வந்தது. ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்தார்கள். ஒரு குழாயில் 40 சதவீத அடைப்பு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார்கள். அன்றைய மருத்துவ அறிவின்படி சரியான முடிவுதான். ஆறு வாரம் கழித்துப் பள்ளிகொண்டா பேருந்து நிறுத்தத்தில், ஆம்பூர் பஸ்ஸுக்காக நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. வேலூருக்குக் கொண்டு சேர்க்க ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததால் பிழைத்தார். மறுபடி எடுத்த படத்தில், முன்பு 40 சதவீதம் என்று சொன்ன அதே இடத்தில் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது.

நாற்பது எப்படி ஆறே வாரத்தில் நூறானது? குழாய்க்குள் கொழுப்பு மெல்ல மெல்லப் படிந்து, துரு ஏறிய தண்ணீர் பைப்பைப் போல அடைத்துக்கொள்கிறது என்பதுதான் நம் எல்லோர் மனதிலும் இருக்கும் சித்திரம். ஆஸ்பத்திரி சுவரில் தொங்கும் வண்ணப்படமும் அதையே காட்டுகிறது. அந்தச் சித்திரத்தில் இந்தக் கணக்கு பொருந்தாது.

ரத்தக்குழாய் பைப் இல்லை, தோல். உவமையாக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டிரம்மில் சுழலும் தோலுக்கு வலு தரும் அதே கொலாஜன் என்ற புரதந்தான் நம் தமனிச் சுவருக்கும் இழுவலு தருகிறது. இந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்ததிலும் நமக்குப் பங்கு உண்டு. 1952இல் சென்னைக்கு வந்த ஜே.டி. பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்ட ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே, கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954-55இல் காட்டினார்கள். ஆய்வுக்கான கொலாஜன் பக்கத்திலேயே, மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. தோலுக்கான நிறுவனமும் இயற்பியல் துறையும் அடுத்தடுத்து இருந்ததால் நடந்த காரியம் அது.

இனி பெரியப்பாவின் குழாய்க்கு வருவோம். தமனிச் சுவரின் உள்ளடுக்குக்குள் கொழுப்பு புகுந்து தேங்குகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளணுக்கள் வருகின்றன. தின்ன முடியாமல் அங்கேயே செத்துக் கூழாகின்றன. அந்தக் கூழின் மேல் உடம்பு கொலாஜனால் ஒரு மூடி போடுகிறது. மூடி கெட்டியாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே குழுமியிருக்கும் வெள்ளணுக்கள் கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. டேனரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தோலை மென்மையாக்க நொதி போட்டு ஊறவைக்கும் கட்டத்தில் நேரமோ சூடோ கொஞ்சம் கூடினால் மேல்தளம் பிடிப்பு விட்டுத் தொளதொளத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதேபோல மூடி மெலிகிறது. ஒரு நாள் கிழிகிறது. உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தில் பட்டதும் ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் நாற்பது நூறாகிறது.

எவ்வளவு மெலிந்தால் கிழியும்? டெல்லியில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற நோயியலாளர் ரேணு விர்மானியும் அவரது குழுவினரும் இதயத் தமனி நோயால் திடீரென இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1997இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். கிழிந்த மூடிகளில் 95 சதவீதம் 65 மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டவை. தலைமுடியின் தடிமன் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஷூ மேல்தோல் ஒன்றேகால் மில்லிமீட்டர் இருக்கும். அதை இருபதாகச் சீவினால் கிடைக்கும் ஒரு சீவல்.

ஆஞ்சியோ இந்தச் சீவலைப் பார்ப்பதில்லை. அது சுவரையே பார்ப்பதில்லை. குழாய்க்குள் சாயம் செலுத்தி, சாயம் ஓடும் வழியை எக்ஸ்ரேயில் படம் பிடிக்கிறது. அதில் தெரிவது ஓட்டை மட்டும். சுவருக்குள் கொழுப்பு சேரும்போது குழாய் வெளிப்பக்கமாக வீங்கி இடம் கொடுக்கும். ஓட்டை வெகுகாலம் அப்படியே இருக்கும். 1987இல் செய்மர் கிளாகோவ் இதைக் காட்டினார். உள்ளே இருக்கும் இடத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் படிவு பிடித்துக்கொண்ட பிறகுதான் ஓட்டையே குறுகத் தொடங்குகிறது. பெரும்பாலான மாரடைப்புகள், முந்தைய படத்தில் பாதிகூட அடைபடாத இடங்களில் கிளம்பியவை என்று 1980களின் கடைசியில் ஆய்வுகள் வந்தன. (இதை வைத்துப் பெரிய அடைப்பு ஆபத்தில்லை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்தால் பெரியதே அதிக ஆபத்து. சிறியவை எண்ணிக்கையில் அதிகம், அவ்வளவுதான்.)

ஆக, டாக்டர்களுக்குத் தேவைப்பட்டது பெரியப்பாவின் விரல். தடிமனைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே பிடிப்பு இருக்கிறதா, ஈரம் எப்படி, கொழுப்பு எவ்வளவு என்று தொட்டுச் சொல்லும் ஒன்று. தொடவோ வழியில்லை.

முதல் துப்பு சூட்டிலிருந்து கிடைத்தது. வெள்ளணுக்கள் குழுமி வேலை செய்யும் இடம் சுடும். கட்டி பழுக்கும்போது கை வைத்தால் தெரிகிற அதே சூடு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் வார்டு கேசெல்ஸ், அறுவை சிகிச்சையில் 48 பேரின் கழுத்துத் தமனிகளிலிருந்து அகற்றிய படிவுகளை உடனுக்குடன் நுண்ணிய வெப்பமானியால் தொட்டுப் பார்த்தார். 1996இல் வெளியான முடிவு: 37 சதவீதப் படிவுகளில் சில இடங்கள் பக்கத்து இடங்களைவிட 0.4 முதல் 2.2 டிகிரி வரை சூடாக இருந்தன. சூடான இடங்களில் வெள்ளணுக்கள் அதிகம். 1999இல் ஏதென்ஸ் நகரில் கிறிஸ்டோடூலோஸ் ஸ்டெஃபனாடிஸ் வெப்பமானியைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனையில் பொருத்தி, உயிரோடிருக்கும் நோயாளிகளின் இதயத் தமனிக்குள்ளேயே அனுப்பினார். மாரடைப்பு வந்தவர்களின் படிவில் அதிகச் சூடு, நிலையான நெஞ்சுவலிக்காரர்களிடம் குறைவு.

தமனிக்குள் கம்பி விட்டுச் சூடு பார்ப்பது எல்லோருக்கும் செய்கிற காரியமா? பெரியப்பா போன்றவர்களை, வலி வருவதற்கு முன்பே, வெளியிலிருந்து பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் மைக்ரோவேவ் கதைக்குள் வருகிறது.

மைக்ரோவேவ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது சமையலறை அடுப்பு. அதை மறந்துவிடுங்கள். நாம் பேசப்போகும் கருவி எதையும் சுடவைக்காது, எந்த அலையையும் உள்ளே அனுப்பாது. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும். சூடுள்ள எந்தப் பொருளும் எல்லா அலைநீளத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கதிர் வீசிக்கொண்டே இருக்கிறது. மனித உடம்பு பெரும்பாலும் அகச்சிவப்பில் வீசுகிறது. கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தத் துப்பாக்கி வெப்பமானி படித்தது அதைத்தான். ஆனால் அகச்சிவப்பு தோலின் மேல்தளத்தைத் தாண்டி உள்ளிருந்து வெளியே வராது. மைக்ரோவேவ் வரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலிருந்தும் வரும். கழுத்துத் தமனி இருப்பது அந்த ஆழத்தில்.

சிக்கல், அது எவ்வளவு வருகிறது என்பதில். 37 டிகிரி உடம்பிலிருந்து, 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையில் ஆன்டெனாவுக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ இரண்டு பிக்கோவாட். ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் இரண்டு பங்கு. 0.2 டிகிரி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால், இந்தத் துளியிலும் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தைக் காண வேண்டும். கருவியின் சொந்த இரைச்சலே இதைவிடப் பெரியது. இதற்கு வழி கண்டவர் ராபர்ட் டிக்கி. இரண்டாம் உலகப்போரின்போது எம்.ஐ.டி.யின் ரேடார் ஆய்வகத்தில் இருந்தவர். அவர் 1946இல் சொன்ன உபாயம் காய்கறிக் கடைத் தராசு மாதிரி எளிது. கருவியை ஆன்டெனாவுக்கும், வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளுக்கும் மாற்றி மாற்றி, விநாடிக்குப் பலமுறை இணைத்துக்கொண்டே இரு. இரைச்சல் இரண்டிலும் ஒன்றே. கழித்தால் மிஞ்சுவது வித்தியாசம்.

மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் என்ற இந்தக் கருவியோடு இந்தியாவுக்கு நாற்பது வருடத்துக்கும் மேலான பழக்கம் உண்டு. 1979 ஜூன் 7ஆம் தேதி ஏவப்பட்ட பாஸ்கரா செயற்கைக்கோளில் ‘சமீர்’ என்ற ரேடியோமீட்டர் இருந்தது. கடலுக்கு மேல் உள்ள நீராவியை அளந்தது. இன்று விண்ணிலிருக்கும் இதன் உறவுக் கருவிகள் மண்ணின் ஈரத்தைச் சொல்கின்றன. பள்ளிகொண்டாவில் உத்திர ரங்கநாதர் கோயில் பக்கம் இறங்கி நின்றால் பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். ஊர்க்காரர்களுக்கு அடியில் ஊற்று இருப்பது தெரியும், கையால் தோண்டிக் காட்டுவார்கள். காய்ந்த மணல் மைக்ரோவேவுக்கு ஏறத்தாழக் கண்ணாடி. ஈரமணல் சுவர். காரணம், நீர் மூலக்கூறு ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் கொண்டு, அலையோடு சேர்ந்து ஆட முயல்கிறது. கொழுப்புக்கும் காய்ந்த மணலுக்கும் அந்த ஆட்டம் கிடையாது. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று அளக்கும் எண் ஒன்று உண்டு. சில கிகாஹெர்ட்ஸ் அலையில் அந்த எண் ரத்தத்துக்கு அறுபதை ஒட்டி வரும், தசைக்கு ஐம்பதுக்குச் சற்று மேல், கொழுப்புக்கு ஐந்து. பத்து மடங்கு வித்தியாசம். எக்ஸ்ரேயில் தசையும் கொழுப்பும் இவ்வளவு பிரிந்து தெரிவதே இல்லை. ஈரம் பார்ப்பதில் மைக்ரோவேவை மிஞ்ச ஆளில்லை.

வானத்திலிருந்து உடம்புக்கு இந்தக் கருவியை இறக்கியவரும் வானொலி வானியலாளரே. ஆலன் பாரட் 1963இல் விண்வெளியில் ஹைட்ராக்சில் மூலக்கூறைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர். 1975இல் ஃபிலிப் மையர்ஸ் என்பவருடன் சேர்ந்து, ஆன்டெனாவை உடம்பில் வைத்துத் தோலுக்கு அடியில் இருக்கும் வெப்பநிலையை அளக்கலாம் என்று எழுதினார். முதல் குறி மார்பகப் புற்றுநோய். தமனிக்கு வந்தது வெகு காலம் கழித்து, மறுபடி ஏதென்ஸில். கான்ஸ்டான்டினோஸ் டூடூசாஸ் என்ற இதய மருத்துவரும் ஸ்டெஃபனாடிஸும் கைக்கடக்கமான ஆன்டெனாவைக் கழுத்தில், தமனி ஓடும் வழியே இடம் இடமாக வைத்துச் சூட்டைக் குறித்தார்கள். கம்பி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சு இல்லை. இதயத் தமனியில் நோய் உள்ளவர்களின் கழுத்துத் தமனியில் சூட்டு வேறுபாடு அதிகம். அப்படி வேறுபாடு கூடியவர்களுக்கு அடுத்த ஓராண்டில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வந்தன என்றும் பின்னர் எழுதினார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கிய வேலை சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் கவிதா அருணாசலம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பால் ஸ்டாஃபருடன் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. சில குழந்தைகளுக்குச் சிறுநீர், பையிலிருந்து பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறும். அதைக் கண்டுபிடிக்க வழக்கமாகக் குழந்தைக்குக் குழாய் சொருகிச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் அது நரகம். அதற்குப் பதிலாக, வெளியிலிருந்து மிதமான மைக்ரோவேவால் பையில் உள்ள சிறுநீரைச் சில டிகிரி வெதுவெதுப்பாக்கு, முதுகுப் பக்கம் ரேடியோமீட்டரை வைத்துக் காத்திரு, சிறுநீரகம் சூடானால் சிறுநீர் ஏறிவிட்டது. உடல்திசு போன்ற மாதிரிகளில் இதைச் செய்து காட்டினார்கள். தமனிக்கு அதே ஐ.ஐ.டி. வேறு வழி பிடித்தது. மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் குழுவினரின் ‘ஆர்ட்சென்ஸ்’ கழுத்துத் தமனியின் விறைப்பை அல்ட்ராசவுண்டால் அளக்கிறது. படம் காட்டாது, எண் மட்டும் சொல்லும். படம் பார்க்கத் தெரிந்த நிபுணர் இல்லாத இடத்திலும் பயன்பட வேண்டும் என்று திட்டமிட்டே அப்படிச் செய்தார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஏதென்ஸ் கருவி ஏன் இன்னும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இல்லை என்று கேட்பீர்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அது அன்றாடக் கருவியாகவில்லை. முதல் காரணம் அலைநீளம். காற்றில் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலை, ஈரத் திசுவுக்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. நாம் தேடும் மூடியோ முடி அளவு. உலக்கையை வைத்து ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை. எனவே வெளியிலிருந்து கேட்கும் ரேடியோமீட்டருக்கு மூடி தெரியாது, ‘இந்தப் பக்கம் கொஞ்சம் சுடுகிறது’ என்ற அளவில்தான் சொல்லும். ஆன்டெனாவைச் சிறிதாக்கிக் கதீட்டர் முனையில் வைத்துச் சுவரை ஒட்டிப் பார்த்தால் அலைநீளத்தின் தடை தளரும். அங்கே நுணுக்கத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் அளவு. ஆனால் ஓடும் ரத்தம் சுவரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், கேட்க வேண்டிய சூடு கரைந்துபோகும். இதயத் தமனியோ துடிப்புக்குத் துடிப்பு நகர்கிறது, நெஞ்சுக்கூட்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் கழுத்தோடு நின்றார்கள். இதற்கிடையே கதீட்டர் வழியில் ஒளி முந்திக்கொண்டது. கொழுப்பை அண்மை அகச்சிவப்பு ஒளியால் அடையாளம் காணும் கருவிக்கு 2008லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. மெல்லிய மூடியைக் கண்டுபிடித்துவிட்டோம், சரி. அது கிழியுமா? 697 பேரின் தமனிகளை உள்ளிருந்து அல்ட்ராசவுண்டால் வரைந்து மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ‘ப்ராஸ்பெக்ட்’ ஆய்வு 2011இல் சொன்னது: மெல்லிய மூடி என்று குறித்த படிவுகளில் 4.9 சதவீதம்தான் பின்னால் தொல்லை கொடுத்தன. மற்றவை தொல்லை கொடுக்கவில்லை. எங்கே ஆபத்து என்று தெரிந்தவுடன் அங்கே ஸ்டென்ட் வைத்துவிடத் துடிக்கும் கைகளுக்கு இந்த எண் ஒரு கடிவாளம். ஆனால் கடிவாளமும் நிலையாக இல்லை. 2024இல் கொரியாவை மையமாகக் கொண்டு 1,606 பேரிடம் நடந்த ‘ப்ரிவென்ட்’ ஆய்வில், ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் கிழியக்கூடிய படிவுகளுக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்களில் 0.4 சதவீதத்தினருக்கும், மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும் பாதிப்பு வந்தது. எண்ணைப் பார்த்தால் ஸ்டென்ட் ஜெயித்தது போலிருக்கும். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நன்றாகவே இருந்தார்கள் என்றும் அதே எண்ணைப் படிக்கலாம். நான் இரண்டாவது விதமாகப் படிக்கிறவன்.

வெளியிலிருந்து, மலிவாக, கம்பியில்லாமல் பார்க்கும் கருவிக்கு என் ஆதரவு இதனால்தான். அது ஸ்டென்ட் எங்கே வைப்பது என்று காட்ட வேண்டியதில்லை. இந்த ஆளின் தமனிகள் மொத்தத்தில் கொதிக்கின்றன, இவர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு வருடம் முன்பே, நடுத்தரமாக 53 வயதில் வருகிறது என்பது 52 நாடுகளை ஆராய்ந்த ‘இன்டர்ஹார்ட்’ தரவுகளில் தெரிந்தது. வேலூரைச் சுற்றி 1991-94இலும் 2010-12இலும் நடந்த இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் கிராமப்புறத்தில் சர்க்கரை நோய் மூன்று மடங்காகியிருக்கிறது. யாரைச் சந்தேகப்படுவது என்று தேடவே தேவையில்லாத ஊர் நம்முடையது. கிழிந்த பிறகு செய்ய வேண்டிய முதல் உதவி இப்போது ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு அங்கேயே பதினான்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் எட்டு. கிழிவதற்கு முன்னால் பார்க்கிற வேலைதான் பாக்கி.

ரேடியோமீட்டரை வாங்கிப் பள்ளிகொண்டாவில் வைப்பதாகவே கொள்வோம். எங்கே வைப்பது? நோயாளி குளிர்ந்த, காற்றோட்டம் மாறாத அறையில் சற்று நேரம் அசையாமல் இருந்து உடம்பு ஆற வேண்டும். கத்திரி வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி வருபவரின் கழுத்தில் உடனே வைத்தால் அது வெயிலைத்தான் அளக்கும். இரண்டு பிக்கோவாட்டைக் கேட்கும் காதுக்குப் பக்கத்தில் ஒரு கைபேசி பேசினாலே போதும், கோடானுகோடி மடங்கு கூச்சல். வைஃபை அதே கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு வந்தால், சுங்கச்சாவடியின் ஒவ்வொரு வழியிலும் தலைக்கு மேல் ஓர் ஆன்டெனா 865 மெகாஹெர்ட்ஸில் வண்டிகளின் ஃபாஸ்டேக்கை விசாரித்துக்கொண்டே இருக்கிறது. இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஈஸி சேரில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு, கோயில் பின்பக்கம் கருங்கல் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, சுவர் மூன்றடி, உள்ளே சித்திரையிலும் குளுகுளு என்றிருக்கும், செல்போன் டவரும் எடுக்காது என்றார்.